மடுவத்து வரிசையும் ஒரு சின்ன சேர்வரும்

கலைப்பீடத்தில தமிழும் சமூகவியலும் படிக்கிற பிள்ளைக்கு சேர்வர் எதுக்கு என்று கேம்பஸில் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒருத்தன் இன்னும் ஒரு படி மேலே போய், "அதெல்லாம் பொறியியல் பீடத்துக்காரன் வேலை, நீ கவிதை எழுது" என்றான். கவிதையும் எழுதுகிறேன். ஆனால் ஹட்டன் பக்கம் எங்கள் டிவிஷனில், ஒரு பழைய லெப்டொப்பில் ஓடுகிற ஒரு சேர்வரையும் எழுதியிருக்கிறேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கொம்பியூட்டர் தெரியாதவர்களும் வாசிக்கலாம், மடுவம் தெரிந்தால் போதும்.

மடுவம் தெரியாத ஆட்களுக்காக: கொழுந்து நிறுக்கிற இடம்தான் மடுவம். காலையில் ஒரு நிறுவை, பகலில் ஒன்று, பின்னேரம் ஒன்று. முதுகில் சாக்கோ கூடையோ தொங்க பெண்கள் வரிசையில் நிற்பார்கள். தராசு ஒன்று. கணக்கப்பிள்ளை ஒருவர். அவர் கையில் இருக்கிற புத்தகத்தில் விழுகிற எண்தான் அந்த நாளின் உழைப்பு. பல தோட்டங்களில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப் பேர். குறைந்தால் அரைப்பேர். வெளியூர் நண்பர்களுக்கு இந்த 'பேர்' என்கிற சொல்லே புரியாது. "இந்த மாசம் உனக்கு எத்தன பேரு?" என்று கேட்டால் எத்தனை நாள் கூலி விழுந்திருக்கு என்று அர்த்தம். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபா ஆனது, 2024 செப்டெம்பரில் 1,350. அரைப்பேர் விழுந்தால் அதில் பாதி போயிற்று. பதினேழரைக் கிலோ எடுத்தவளுக்கும் பாதிதான்.

எங்கள் தோட்டத்தின் பெயரை எழுதப் போவதில்லை. போன வருடம் அம்மாவின் சம்பளத் துண்டில் ரெண்டு நாள் அரைப்பேர் விழுந்திருந்தது. அம்மா சத்தியம் பண்ணினார், அந்த ரெண்டு நாளும் இருபது தாண்டித்தான் எடுத்தேன் என்று. ஆபீசில் போய்க் கேட்டதற்கு "செக்ரோல்ல இப்படித்தான் இருக்கு" என்றார்கள். அவர்களிடம் புத்தகம் இருக்கு. அம்மாவிடம் ஞாபகம்தான் இருக்கு. ஞாபகத்தை எந்த ஆபீஸ் மேசையில் வைப்பது?

எங்கள் சனத்துக்கும் காகிதத்துக்கும் இருக்கிற உறவு பழையது. துண்டு முறை என்று ஒன்று இருந்ததை சமூகவியல் வகுப்பில்தான் ஒழுங்காகப் படித்தேன். தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இவரை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அந்தச் சீட்டை வைத்துத்தான் ஆட்கள் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு கைமாறினார்கள். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். நம்மைப் பற்றி அடுத்தவன் எழுதி வைத்த காகிதம், நாம் வாசிக்க முடியாத காகிதம் என்கிற பழக்கம் மட்டும் அதோடு ஒழியவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அதனால் யோசனை எளிது. நிறுவை முடிந்ததும் அவரவர் கிலோவை அவரவரே எழுதி வைக்க வேண்டும். கொப்பியில் எழுதலாமே என்பீர்கள். எழுதிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், மழையில் கொப்பி கூழாகிவிடும், வீட்டுக்கு வந்தால் அடுப்பு, தண்ணி, பிள்ளை. ஆனால் எல்லா வீட்டிலும் ஒரு போன் இருக்கு. மடுவத்தில் கொடுக்கிற சின்னத் துண்டை போனில் படம் பிடிக்க எல்லாருக்கும் தெரியும். லயத்துக்கு நடுவில் ஒரு ரவுட்டர், அதோடு ஒரு லெப்டொப். பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் போன் தானாக வைபையில் ஒட்டிக்கொள்ளும், பக்கத்தைத் திறந்து கிலோவைப் போட்டு, விருப்பமென்றால் துண்டின் படத்தையும் அனுப்பலாம். இன்டர்நெட் தேவையில்லை, டேட்டா காசு இல்லை. மலை உச்சியில் ஏறி சிக்னல் தேடின காலத்தை எங்கள் வயசுப் பிள்ளைகள் யாரும் மறக்கவில்லை, அதனால் இன்டர்நெட்டை நம்பாத ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் முதல் நாளிலிருந்தே பிடிவாதமாக இருந்தேன்.

இனி சேர்வர். சேர்வர் என்றால் பெரிய கட்டடத்தில் குளிரூட்டி போட்டு வைத்திருக்கிற இயந்திரம் என்று நினைக்க வேண்டாம். ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு "யாராவது வருகிறார்களா" என்று காத்திருக்கிற ஒரு புரோகிராம், அவ்வளவுதான். கதவுக்கு ஒரு எண் இருக்கு, என்னுடையது 9090. போன் வந்து தட்டும், இன்னது வேண்டும் என்று சில வரிகள் சொல்லும், சேர்வர் அதை வாசித்து பதில் கொடுக்கும். எச்டிடிபி என்று பெரிய பெயர் வைத்திருந்தாலும் அடிப்படையில் அது வெறும் எழுத்து வரிகள்தான். முதல் வரியில் என்ன வேண்டும், அடுத்த வரிகளில் நான் யார், என்னால் எதை வாசிக்க முடியும். தமிழ்ப் பிள்ளைக்கு இது கஷ்டமே இல்லை, கடிதம் எழுதுகிற முறை மாதிரி.

விஷயம் விளங்க வேண்டும் என்பதற்காக முதலில் பைதனில் மிக எளிதான ஒன்றை எழுதினேன். ஒருவர் வருவார், அவர் வேலை முடியும் வரை அவரோடு மட்டும் பேச்சு, பிறகு அடுத்தவர். அப்படியே மடுவம்! ஒரு தராசு, ஒரு கணக்கப்பிள்ளை, மற்றவர்கள் வரிசையில். இதில் என்ன நடக்கும் என்பதை கடதாசியில் கணக்குப் போட்டாலே தெரியும். கடைசிக் காம்பிராவுக்கு வைபை சுவரைத் தாண்டி, தகரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கேயிருந்து ஒரு மூன்று எம்பி படம் வந்து சேர இருபது செக்கன் என்று வையுங்கள். எங்கள் டிவிஷனில் 37 பெண்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் படம் அனுப்பினால் கடைசியாக நிற்பவருக்கு 37 தடவை 20, அதாவது 740 செக்கன், பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல். அந்த நேரத்துக்குள் அவர் போனைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போயிருப்பார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. அந்த இருபது செக்கனில் லெப்டொப் ஒன்றும் முறிந்து முறிந்து வேலை செய்யவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கு. அடுத்த துணுக்கு எப்போது வரும் என்று வாயைப் பார்த்துக்கொண்டு இருக்கு. சேர்வரின் வாழ்க்கையில் பெரும்பகுதி இப்படிக் காத்திருப்புத்தான். இது விளங்கியபோதுதான் எனக்கு இந்த விஷயத்தில் உண்மையான ஆசை வந்தது.

சரி, வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு தனிக் கணக்கப்பிள்ளையைப் போட்டால்? அதுதான் த்ரெட். ஆளுக்கொரு த்ரெட், யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டாம். நல்ல வழிதான், ஆனால் கணக்கப்பிள்ளைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஜாவாவில் ஒரு சாதாரண த்ரெட்டுக்கு ஒரு எம்பி அளவு இடத்தை ஒதுக்கி வைப்பது வழக்கம். த்ரெட்டை மாற்றி மாற்றி ஓடவிடுவது இயங்குதளத்தின் பொறுப்பு, அதற்கும் நேரச் செலவு இருக்கு. 1999இல் டான் கெகல் என்பவர் ஒரு கேள்வியை எழுதி வைத்தார்: ஒரே இயந்திரம் ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேரைக் கவனிக்க முடியாதா? சி10கே என்று அந்தப் பிரச்சினைக்கே பெயர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த நிறைய யோசனைகள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வந்தவை.

உண்மையைச் சொல்ல வேண்டும். 37 போனுக்கு த்ரெட்டே போதும். அந்தப் பழைய லெப்டொப் கூட அதைத் தாங்கும். யாராவது "37 பேருக்கு எதுக்கு இவ்வளவு" என்று கேட்டால் அவர்கள் சொல்வது சரி. நான் அடுத்த வழிக்குப் போனதற்கு வேறு ரெண்டு காரணம், அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்த வழி இலகுவான பணிகள். இதை அம்மாவை வைத்துச் சொல்வதுதான் லேசு. விடியக்காலை அம்மா ஒரு அடுப்பில் தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி வைப்பார். அது கொதிக்கும் வரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். ரொட்டிக்கு மா பிசைவார், இடையில் தம்பியை எழுப்புவார், தண்ணி கொதித்ததும் திரும்ப வருவார். ஆள் ஒருத்தர்தான், வேலை நாலு, எந்த வேலை எந்த இடத்தில் நின்றது என்பது மட்டும் மனசில் இருக்கு. சேர்வரிலும் அதே. ஒவ்வொரு போனுக்கும் ஒரு சின்னப் பணி. அந்தப் பணி எதற்காவது காத்திருக்க வேண்டி வந்தால், எங்கே நின்றது என்று குறித்துக்கொண்டு ஒதுங்கும். அது ஏறியிருந்த உண்மையான த்ரெட் அடுத்த பணியை ஏற்றிக்கொள்ளும். காத்திருந்த துணுக்கு வந்ததும் பழைய பணி நின்ற இடத்திலிருந்து தொடரும். இப்படிப்பட்ட பணி ஒன்றுக்கு மிகக் குறைந்த இடமே போதும். கூகுள் 2009இல் வெளியிட்ட கோ மொழியில் இதற்கு கோரூட்டின் என்று பெயர், ஒன்று தொடங்கும்போது ரெண்டு கேபி அளவு ஸ்டாக்தான் எடுக்கும். ஒரு எம்பியையும் ரெண்டு கேபியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்த யோசனை கோ மொழியோடு பிறந்ததும் இல்லை. எண்பதுகளில் எரிக்சன் கம்பனியில் ஜோ ஆம்ஸ்ட்ராங்கும் கூட்டாளிகளும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காக எர்லாங் மொழியை உருவாக்கினார்கள். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான அழைப்பு, ஒன்று அறுந்தால் மற்றது அறுந்துவிடக் கூடாது என்பது அவர்களுடைய தேவை. நாம் எல்லாரும் பயன்படுத்துகிற வட்ஸ்அப் அந்த எர்லாங்கில்தான் எழுதப்பட்டது. ஒரே சேர்வரில் இருபது லட்சம் இணைப்பு வரை தாங்கிக் காட்டினோம் என்று 2012இல் அவர்கள் எழுதினார்கள். லயத்து வட்ஸ்அப் குரூப்பில் காலையில் வருகிற பூப்போட்ட 'இனிய காலை வணக்கம்' படத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கு.

நான் எடுத்தது கோவும் இல்லை, எர்லாங்கும் இல்லை. பாலரீனா. இது நம் நாட்டில் பிறந்த மொழி என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. சஞ்சீவ வீரவரண 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 கம்பனியிலிருந்து வந்தது. மொழியை வடிவமைத்தவர்களில் ஜேம்ஸ் கிளார்க்கும் ஒருவர். 2017இல் அறிமுகப்படுத்தினார்கள், 1.0 பதிப்பு 2019 செப்டெம்பரில் வந்தது, ஸ்வான் லேக் என்கிற புது வடிவம் 2022 பெப்ரவரியில். கொழும்பில் செய்த ஒன்றை ஹட்டனில் ஓடவிட்டுப் பார்க்கலாமே என்பது நான் சொன்ன ரெண்டு காரணத்தில் ஒன்று. இது உணர்ச்சிவசப்பட்ட காரணம்தான், மறைக்கவில்லை.

ரெண்டாவது காரணம் கனமானது. அதற்கு முதலில் அரைப்பேர் எப்படித் தவறாக விழலாம் என்று பார்க்க வேண்டும்.

பகல் நிறுவை முடிந்து அம்மாவின் கணக்கு 11 கிலோ என்று பதிவாகியிருக்கு என்று வையுங்கள். பின்னேரம் ரெண்டு நிறுவை சேர்க்க வேண்டியிருக்கு, ஒன்று 4 கிலோ, இன்னொன்று 5. ஒன்றை அம்மா தன் போனில் போடுகிறார், மற்றதைத் தம்பி அவன் போனில் போடுகிறான், ரெண்டும் ஒரே கணத்தில். இரண்டு பணிகள் கிளம்பும். ரெண்டும் பழைய கணக்கை வாசிக்கும்: 11. ஒன்று 4ஐக் கூட்டி 15 என்று எழுதும். மற்றது 5ஐக் கூட்டி 16 என்று அதற்கு மேல் எழுதும். உண்மையில் 20 கிலோ, முழுப் பேர். பதிவில் 16, அரைப்பேர். யாரும் களவெடுக்கவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் நாலு கிலோ காணாமல் போயிற்று. ஒரே நேரத்தில் பல பணிகள் ஓடுகிற எந்த சேர்வரிலும் இந்த ஆபத்து இருக்கு. ஆயிரம் தடவையில் ஒரு தடவை நடக்கும், சோதித்துப் பார்க்கும்போது நடக்கவே நடக்காது.

செக்ரோலை நம்ப முடியவில்லை என்று நாமே ஒன்றை எழுதி, அதுவும் கிலோவைத் தின்றால் எப்படி இருக்கும்?

பாலரீனா இதை மொழியிலேயே கவனிக்கிறது. அதில் இலகுவான பணிக்கு ஸ்ட்ராண்ட் என்று பெயர், கயிற்றில் ஒரு இழை மாதிரி. புதிய பதிப்புகளில் ஒவ்வொரு இழையும் ஜாவா 21இல் வந்த விர்ச்சுவல் த்ரெட்டின் மேல் ஓடுகிறது. 'ஸ்டார்ட்' என்று ஒரு சொல் போட்டால் புது இழை கிளம்பும், 'வெயிட்' என்றால் அது முடியும் வரை காத்திருக்கும். ஆனால் சேர்வருக்கு அதைக்கூட நான் எழுத வேண்டியதில்லை. 'சர்வீஸ்' என்று எழுதி, 9090ஐக் கேட்கிற ஒரு 'லிஸனர்' வைத்து, உள்ளே கிலோ வாங்குகிற செயலை எழுதினால் போதும், வருகிற கோரிக்கைகளை ஓடவிடுவது லிஸனரின் பாடு. பத்துப் பதினைந்து வரியில் ஒரு சேர்வர் நிற்கும்.

அழகு எங்கே என்றால், பொதுவான கணக்குப் புத்தகத்தைப் பாதுகாப்பில்லாமல் தொடுகிற மாதிரி எழுதினால் லிஸனர் அந்தச் செயலை ஒரே நேரத்தில் ரெண்டு பேருக்கு ஓடவிடாது, ஒவ்வொருவராகத்தான் விடும். கம்பைலரும் குறிப்பு ஒன்று காட்டும்: இந்தச் சர்வீஸும் இந்தச் செயலும் 'ஐசொலேட்டட்' இல்லை, அதனால் ஒரே நேரத்தில் கூப்பிடமாட்டேன் என்று. அதாவது சந்தேகம் இருந்தால் வேகத்தை விட்டுவிட்டு கணக்கைக் காப்பாற்றும். வேகம் வேண்டுமென்றால் புத்தகத்தை சர்வீஸுக்குள்ளேயே பூட்டி வைத்து, அதைத் தொடுகிற ஒவ்வொரு இடத்தையும் 'லொக்' என்கிற வேலிக்குள் போட வேண்டும். வேலிக்குள் ஒரு நேரம் ஒரு இழைதான் போகலாம். அம்மாவின் 4 உள்ளே போய் 15 ஆகி வெளியே வந்த பிறகுதான் தம்பியின் 5 உள்ளே போகும். 20. வேலிக்குள் வைக்க வேண்டியது அந்தக் கூட்டலை மட்டும். படம் வாங்குவது, சோதிப்பது எல்லாம் வெளியே. இல்லாவிட்டால் பழையபடி மடுவத்து வரிசைதான்.

இன்னொரு விஷயத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இதனால் வைபை வேகமாகிவிடாது. காற்றில் இருக்கிற இடத்தை எல்லாப் போனும் பங்குபோட்டுத்தான் ஆக வேண்டும், 37 பேரும் படம் அனுப்பினால் எல்லாருக்கும் மெதுவாகத்தான் போகும். மாறியது எதுவென்றால், வெறும் எண்ணை மட்டும் அனுப்புகிற பெரியம்மா கடைசிக் காம்பிராவின் படத்துக்குப் பின்னால் நிற்க வேண்டியதில்லை. அவர் அமத்தினார், "பதிஞ்சாச்சு" என்று வந்தது, போனார்.

இடையில் ஒரு சின்னப் புலம்பல். பைதனில் மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம், 'கிலோ' என்றே எழுதலாம். கோ மொழியில் 'பேர்' என்று கூட வைக்க முடியாது, ஏனென்றால் தமிழ்ப் புள்ளியையும் உயிர்க்குறிகளையும் அது எழுத்து என்று கணக்கெடுப்பதில்லை. புள்ளி இல்லாமல், கொம்பு இல்லாமல் தமிழ் எழுதிப் பாருங்களேன்! முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்கிற முழுத் தமிழ் நிரல்மொழியும் இருக்கு, படிக்கத் தொடங்குகிற பிள்ளைகளுக்கு அதைத்தான் காட்டுவேன்.

பாவனைக்கு வந்தபோது நான் யோசிக்காத பக்கத்திலிருந்துதான் கேள்விகள் வந்தன. இழை, வேலி எதைப் பற்றியும் யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கேட்ட முதல் கேள்வி, "என் கிலோவ மத்தவ பாக்க ஏலுமா பாப்பா?" பார்க்க முடியாது, ஆளுக்கொரு நாலு இலக்க எண் இருக்கு என்றேன். "தொரைக்குத் தெரிஞ்சா?" என்று அடுத்தது. அதற்கு என்னிடம் புரோகிராம் இல்லை. தன் உழைப்பைத் தான் எழுதி வைப்பது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை என்று சொன்னேன். அக்கா சிரித்தார். சட்டத்தைப் பற்றிப் பேசுகிற கேம்பஸ் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது. முதல் கிழமை ஆறு பேர்தான் பதிந்தார்கள்.

சம்பளத்துக்குப் பிறகுதான் எண்ணிக்கை கூடியது. மூன்று பெண்களின் துண்டில் ஒவ்வொரு நாள் வித்தியாசம் இருந்தது. அவர்கள் போனில் இருந்த பதிவையும், மடுவத்துத் துண்டின் படத்தையும் எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார்கள். நான் கூடப் போகவில்லை, வர வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். ரெண்டு பேருக்குத் திருத்திக் கொடுத்தார்கள். படம் அனுப்பாமல் எண் மட்டும் போட்டிருந்த மூன்றாமவருக்கு இல்லை. அன்றைக்குப் பின்னேரத்திலிருந்து எல்லோரும் படத்தோடுதான் அனுப்புகிறார்கள், ரவுட்டர் மூச்சு வாங்குகிறது.

இப்போது லெப்டொப் தம்பியின் பொறுப்பில். கரண்ட் போனால் லெப்டொப் பேட்டரியில் ஒரு மணித்தியாலம் தாங்கும், ரவுட்டர் தாங்காது, அதற்கு ஒரு பவர் பேங்க் வாங்கிக் கொடுத்துவிட்டு கேம்பஸுக்கு வந்தேன். பக்கத்து டிவிஷனிலும் கேட்கிறார்கள். அங்கே தேயிலை மலையைச் சுற்றிப் போக வேண்டும், இந்த வைபை எட்டாது, இன்னொரு லெப்டொப் தேட வேண்டும்.

போன மாதம் பெரியம்மா இன்னொன்று கேட்டார். நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கழிக்கிறார்களே, அதையும் எழுத ஒரு கட்டம் வைக்க முடியுமா என்று. நிறுவைக்கு ஒரு கிலோ கழிவு என்று வைத்தால் ஒரு நாளைக்கு மூன்று நிறுவை, 37 பேர், 111 கிலோ பச்சைக் கொழுந்து. நாலரை, ஐந்து கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்கிற கணக்கில் பார்த்தால் ஒரே டிவிஷனில் ஒரே நாளில் 22 கிலோவுக்குக் குறையாத தேயிலைத் தூள். சாக்கும் ஈரமும் உண்மையில் எவ்வளவு பாரம், கழிப்பது எவ்வளவு என்று யாரும் இதுவரை கூட்டிப் பார்த்ததில்லை. ஆளாளுக்குத் தனித்தனியாக இருந்த கணக்கை எல்லோருக்குமாகச் சேர்த்துக் கூட்ட வேண்டும், அப்போது யாருடைய எண் எது என்று வெளியே தெரியவும் கூடாது. இந்த விடுமுறைக்கு அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கட்டத்துக்குப் பெரியம்மாவே பெயரும் வைத்துவிட்டார்: சாக்குக் கணக்கு.